யாரும் கத்தவில்லை

சர்வர் அலமாரி வரிசையின் பின்பக்கம் போய், கடைசி ரேக்கின் கம்பிக் கதவைத் திறந்து, ஒரு நீலநிற நெட்வொர்க் கேபிளின் நுனியில் இருந்த சின்ன பிளாஸ்டிக் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தி வெளியே இழுத்தாள் நட்டக்கா. அவ்வளவுதான் வேலை. கேபிள் இருந்த துளைக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. இழுத்த கேபிளைத் தொங்கவிட்டு, அதன் கழுத்தில் அன்றைய தேதியை எழுதி ஒரு பட்டையை ஒட்டினாள்.

"எடுத்தாச்சு மச்சான்!" என்று ரேக்குகளின் இரைச்சலுக்கு மேல் குரல் கொடுத்தாள்.

"சரிக்கா. இனி எவன் கத்துறான்னு பாப்போம்" என்று முன்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

மச்சான் அவளுக்கு எந்த வகையிலும் மச்சான் இல்லை. எல்லாரையும் மச்சான் என்று கூப்பிடுவான். ஒருமுறை மேனேஜர் மேடத்தையும் கூப்பிட்டுவிட்டதால் அந்தப் பெயர் அவனுக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நட்டக்கா மட்டும் தன்னை அப்படி அழைக்கக் கூடாதென்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ரேக்கின் தூண்களில் சதுரத் துளைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் சதுர நட்டுகளைச் செருகி, அதன்மேல் திருகாணி போட்டுத்தான் எதையும் மாட்ட முடியும். அந்த நட்டுகள் பத்துப் பதினைந்து எப்போதும் அவள் சட்டைப்பையில் கிடந்து கிலுகிலுக்கும், அதனால் அவள் நட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் பயன்பட்டது.

இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை பார்த்தார்கள். மேலே ஒருவருக்கு ரத்தம் எடுத்தால், படம் பிடித்தால், பில் போட்டால், அதெல்லாம் கம்பிவழி இறங்கி இங்கே வந்துதான் உட்காரும். சர்வர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பல சமயம் கேட்காவிட்டாலும், நட்டக்கா விளக்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக் கம்ப்யூட்டரையே தட்டையாக்கி, நீளமாக்கி, அலமாரியில் இழுப்பறை செருகுவதுபோல் செருகியிருக்கிறோம், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி செய்தாலும் அகலம் ஒன்றுதான், அதனால் எந்த ரேக்கிலும் எதுவும் பொருந்தும். உயரத்துக்கு மட்டும் ஒரு அளவு, அதன் பெயர் 'யூ'. ஒரு யூ என்றால் ஏறக்குறைய மூன்று விரல் கனம். எல்லாம் முன்பக்கம் குளிர்ந்த காற்றைக் குடித்து, பின்பக்கம் சூடாக மூச்சு விடும். ஆகவே ரேக்குகளை முகத்துக்கு முகமும் முதுகுக்கு முதுகுமாக நிறுத்துவார்கள். முகங்கள் பார்த்துக்கொள்ளும் சந்தில் போர்வை கேட்கும், முதுகுகள் பார்த்துக்கொள்ளும் சந்தில் வியர்க்கும். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் குடிக்கக் கூடாது என்பதுதான் இந்த அறையின் சட்டம் என்று அவள் முடிப்பதற்குள் கேட்டவர் நழுவியிருப்பார்.

இன்று கேபிள் இழுக்கப்பட்டது இரண்டு யூ உயரமுள்ள ஒரு பழைய சர்வரிலிருந்து. நெற்றியில் ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்து, பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. யாருக்காக ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அதை மாட்டியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அறையில் பாதியை ஸ்கேன் பிரிவு கேட்டிருந்ததால் ஒரு ரேக்கையாவது காலி செய்தாக வேண்டியிருந்தது. எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் மேடம் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினாள். இது யாருடையது? பதில் இல்லை.

இந்த மாதிரி நேரங்களில் உலகத்தில் எல்லா சர்வர் அறைகளிலும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். அதற்கு ஸ்க்ரீம் டெஸ்ட் என்று பெயர். மச்சான் அதைக் கத்தல் டெஸ்ட் என்பான். மின்சாரத்தை நிறுத்துவதில்லை. வருஷக்கணக்காகச் சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்குகள் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலுமென்று உத்தரவாதம் கிடையாது. நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டுக் காத்திருப்பார்கள். உபயோகிப்பவர் எவராக இருந்தாலும் கத்துவார். கத்தினால் செருகிவிடலாம், ஒரு நொடி வேலை. போன தடவை இப்படி உருவியது கேன்டீன் பில் மிஷினாக இருந்துவிட்டது. கேன்டீன்காரர் கையில் கரண்டியோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்.

இந்த முறை யாரும் வரவில்லை. அன்று வரவில்லை, அந்த வாரம் வரவில்லை. ஒரு மாதம் ஓடியது. உபயோகிப்பவர் யாரும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, சர்வரின் பெயரைக் குறித்து, நட்டக்கா கையெழுத்துப் போட்டாள். மின்சாரத்தை நிறுத்தி, மச்சான் ஒருபுறமும் அவள் மறுபுறமும் பிடித்து, சர்வரை ரேக்கில் அது ஓடும் தண்டவாளத்திலிருந்து உருவித் தள்ளுவண்டியில் வைத்து ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு டிஸ்க் அரைக்கும் வண்டி வருவதாக இருந்தது. நோயாளிகளின் விவரம் இருந்த டிஸ்கை அப்படியே குப்பையில் போட முடியாது, விரல் நகம் அளவுக்குத் துண்டாக்கித்தான் போட வேண்டும்.

அன்று பிற்பகலே தரைத்தளத்திலிருந்து ஒரு அழைப்பு. சலவைப் பிரிவைத் தாண்டிப் பின்கட்டு நடையில், சுவர்ப் பெட்டிக்குள் இருந்த ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் செத்துப்போயிருந்தது. நட்டக்கா புது ஸ்விட்சோடு போய், ஏணியில் ஏறி வேலையை ஆரம்பித்தாள். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

நாலு வயசுப் பெண். மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் உள்நோக்கித் திரும்பியிருந்தன. நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஈர மாவுக்கட்டுத் துணியை ஒரு காலில் சுற்றிக்கொண்டிருந்தார். குழந்தையின் அம்மா தோளைப் பிடித்திருந்தாள்.

"ஐஸா இருக்கு! வேணாம் ஷூ மாமா!"

"முடிஞ்சிருச்சு தங்கம். மாமா உனக்கு வெள்ளை சாக்ஸ் போட்டுவிடுறேன், அவ்ளோதான். ஆட்டக் கூடாது. ஆட்டினா சாக்ஸ் கோணிக்கும்."

"போன தடவை ஏதோ லைட்டைத்தானே காட்டினீங்க?" என்றாள் அம்மா. "இவ சிரிச்சுக்கிட்டே இருந்தாளே."

"அந்த மிஷின் கொஞ்சம் சரியில்லம்மா. இது அச்சு எடுக்கிற பழைய முறை. அளவு தப்பாது."

நட்டக்காவின் கை ஏணியில் நின்றது. வேலையை முடித்து, பெட்டியை மூடி இறங்கினாள். கட்டு காய்ந்து, அவர் மழுங்கின கத்தரியால் அதை வெட்டி எடுத்து, குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகும்வரை நடையிலேயே நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

"சார், நான் கீழ சர்வர் ரூம்ல இருந்து வரேன். அந்த மிஷின் எப்ப இருந்து சரியில்ல?"

ஷூ மாமா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. பழைய பாதப் படம் எதுவும் திறக்க மாட்டேங்குது, புதுசும் எடுக்க முடியல. ஒரு மாசம் இருக்கும்."

மூலையில் துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரை அவள் அவரைக் கேட்டுவிட்டுத் திறந்தாள். திரையில் இன்ன சர்வர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. அந்தப் பெயரை அன்று காலையில்தான் அவள் தன் கையால் தாளில் எழுதியிருந்தாள்.

"ஏன் சார் போன் பண்ணல? எங்க நம்பர் எல்லா ரூம்லயும் ஒட்டியிருக்கே."

"நீங்கதானே நிறுத்தினீங்க?"

"நாங்கதான்."

"அதான். தெரிஞ்சு நிறுத்தினதுக்கு போன் பண்ணி என்னத்தம்மா கேக்குறது?"

அவர் சொன்னது ஒரு நிமிடம் அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்டுக் கேட்டு மெதுவாகத்தான் பிடிபட்டது. சர்வர் நின்றதை, இந்த அறையையும் மூடப்போகிறார்கள் என்ற அறிவிப்பாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். கால் திரும்பிய குழந்தைகளுக்கான ஷூக்களை வெளிக் கம்பெனியில் வாங்கிக்கொள்வதென்று சில வருடங்களுக்கு முன்பே நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. இவரைக் காகிதத்தில் பிசியோதெரபிக்கு மாற்றினார்கள். இந்த அறையை ஸ்டோருக்கு ஒப்படைக்கச் சொன்னார்கள். சாவியைக் கேட்டு யாரும் வரவில்லை, இவரும் போய்க் கொடுக்கவில்லை. பிசியோதெரபி டாக்டர் கண்டுகொள்ளாமல் குழந்தைகளை அனுப்பினார். வந்த அம்மாக்கள் மற்ற அம்மாக்களிடம் சொன்னார்கள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

"அதுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள். விளக்குகிற ஆளுக்கு விளக்கம் கேட்பதும் பிடிக்கும்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வந்தார். குரலில் இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஒவ்வொரு புள்ளைக்கும் பாதத்தை லைட்டால எடுப்பேன். புதுசைப் பழசு மேல வச்சுப் பார்த்தா, எங்க திரும்பியிருக்கு, எங்க திரும்பலன்னு கலர் கலரா காட்டும். அடுத்த ஷூவை எவ்வளவு சாய்க்கணும்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும். மாவுக்கட்டுல இன்னைக்கு இருக்கிற கால் கிடைக்கும். அது எங்க இருந்து வந்துச்சுன்னு கிடைக்காது."

"இப்ப எப்படி செய்றீங்க?"

"ஞாபகத்துல." பிறகு, "எல்லாப் புள்ளையும் ஞாபகத்துல நிக்காதும்மா" என்றார்.

நாளை மதியம் அந்த டிஸ்குகள் அரைபடப் போவதை அவள் சொன்னாள். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவள் அவசரமாக வழி சொல்ல ஆரம்பித்தாள். பென் டிரைவில் எடுத்துத் தர முடியாது, நோயாளி விவரம், இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். எடுத்தாலும் அந்தப் பழைய புரோகிராம் வேறு எந்த மிஷினிலும் திறக்காது. ஆனால் அந்த முழு சர்வரையும் அப்படியே நகலெடுத்து, புது சர்வர் ஒன்றுக்குள் குடிவைக்க முடியும். ஒரு காலைப்பொழுது வேலை. அதற்குள் இடத்துக்குப் பஞ்சம் இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் வேணும். இது என்னோடதுன்னு ஒருத்தர் சொல்லணும்."

"சொன்னா?"

"பேரு, டிபார்ட்மென்ட், ரூம் நம்பர் கேப்பாங்க."

ஷூ மாமா சிரித்தார். "ரூம் நம்பரைச் சொல்லிட்டா அப்புறம் ரூம் ஏதும்மா? டிஸ்க் இருக்கும், நான் இருக்க மாட்டேன். நீங்க என்னைப் பார்க்கலன்னே வச்சுக்குங்க."

சாயங்காலம் வீட்டில் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நட்டக்கா தட்டைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் செய்றதுல உப்பு இல்லன்னா சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"கல்யாணமான புதுசுல ஒருதடவை சொன்னேன். அதோட சரி." அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். "இப்ப எதுக்குக் கேக்குற? இன்னைக்கு இல்லதான்."

அவள் சிரிக்கவில்லை. உப்பை எடுத்து வைத்துவிட்டு, யாருமே இல்லை என்று தான் கையெழுத்துப் போட்ட தாளை நினைத்துக்கொண்டாள். கத்தினால் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்கள்தான் கத்துவார்கள். கேன்டீன்காரருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. மேடத்திடம் தானே போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். பாதங்கள் தப்பும். ஆனால் அந்த அறையின் சாவியை அவரிடமிருந்து வாங்கி ஸ்டோரில் கொடுத்தவள் அவளாகத்தான் இருப்பாள். சொல்லாவிட்டால், அரைக்க அனுப்பியவளும் அவளேதான். எந்தப் பக்கம் புரண்டாலும் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் காலையில் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்ல ஆளுக்கா! எவனாவது காது கிழியக் கத்துவான்னு நாம பார்த்துக்கிட்டிருந்தா, மனுஷன் வாயைப் பொத்திக்கிட்டு மாவுக்கட்டு போட்டுக்கிட்டிருந்திருக்கார்."

"பேசினது போதும். ஒரு பக்கம் பிடி."

"திரும்பவுமா? என் இடுப்பு என்ன இரும்பா?"

ஸ்டோர் ரூமிலிருந்து தூக்கி வந்தார்கள். சர்வரை மாட்டுவது இரண்டு பேர் மூச்சு ஒத்துப்போக வேண்டிய வேலை. ரேக்கிலிருந்து இரண்டு தண்டவாளங்களை வெளியே இழுத்து, சர்வரின் பக்கவாட்டுக் கம்பிகளை அவற்றின் வாய்க்குள் ஒரே சமயத்தில் நுழைக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கோணிக்கொண்டு சிக்கும். இரண்டும் பூட்டிக்கொண்டதை விரல் உணர்ந்த பிறகுதான் தள்ளலாம். தள்ளினார்கள். பின்பக்கம் போய் இரண்டு மின்கம்பிகளையும் செருகினாள். விசிறிகள் ஒருமுறை பேயாக அலறிவிட்டு அடங்கின. முன்னால் ஓடிவந்து டிஸ்குகளின் விளக்கு வரிசையைப் பார்த்தாள். எல்லாம் பச்சை. நாலாவது மட்டும் மஞ்சள்.

"போச்சா?" என்றான் மச்சான்.

"போகல." அவள் மஞ்சள் விளக்கைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு டிஸ்க் செத்தாலும் அதுல இருந்ததை மத்ததெல்லாம் சேர்ந்து கணக்குப் போட்டுச் சொல்லிடும். இன்னொண்ணு சாகக் கூடாது, அவ்ளோதான்."

"இன்னொண்ணு செத்தா?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

கேபிளைச் செருகினாள். பிறகு அறைக்கு வெளியே வந்து ஷூ மாமாவைப் போனில் கூப்பிட்டாள். "சார், சர்வர் ஓடுது. பன்னிரண்டு மணி வரைக்கும் ஓடும். அதுக்கப்புறம் என் கையில இல்ல." அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "பார்க்கிறேன்மா" என்று வைத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது கேபிள் பக்கத்துப் பச்சைப் புள்ளி துடிக்க ஆரம்பித்திருந்தது. விட்டுவிட்டுத் துடித்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி வேகமாகத் துடிக்கும், நிற்கும். ஒரு பாதத்தைத் திறக்கிறார், பார்க்கிறார், அடுத்ததைத் திறக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அது அவருடைய பார்வையின் வேகமாக இருந்தது.

மேடம் வந்தபோது பதினோரு மணி தாண்டியிருந்தது. காலியாக இருக்க வேண்டிய ரேக்கைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதை யாரு திரும்ப மாட்டினது?"

"நான்தான் மேடம். இதுக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

பதில் நட்டக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. "அவங்களே வந்து சொல்லணும் மேடம்."

"பன்னிரண்டுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். நான் ஒண்ணும் வேணும்னு அழிக்கல. மூணு மெயில் போட்டேன், ஒரு மாசம் காத்திருந்தேன். இப்ப என்கிட்ட இருக்கிறது நீங்க கையெழுத்துப் போட்ட தாள்தான்." கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அரைக்கும் வண்டி வந்துவிட்டதாக வாசலிலிருந்து போன் வந்தது. மேடம், மச்சான், நட்டக்கா மூவரும் சர்வரின் பின்பக்கம், சூடான சந்தில் நின்றார்கள். மச்சான் மின்கம்பியில் கை வைத்தான். பச்சைப் புள்ளி துடிப்பதைக் காணோம். எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

சந்தின் கோடியில் இருந்த கண்ணாடிக் கதவு திறந்தது. ஷூ மாமா நின்றார். வேலை மேலங்கியோடு, அப்படியே எழுந்து வந்தவர்போல. இவ்வளவு இரைச்சலை எதிர்பார்த்திருக்க மாட்டார், ஒரு அடி பின்வாங்கிப் பிறகுதான் உள்ளே வந்தார். சந்தின் நடுவில் வந்து நின்று, சர்வரைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றாள் மேடம், காதருகே கையைக் குவித்து.

நட்டக்கா அவருடைய உதடுகளைப் படித்துவிட்டாள். இந்த அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தானாக வந்துவிடும். மேடம் அவள் முகத்தைப் பார்த்தாள், என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோல். நட்டக்கா வாயைத் திறக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். மீசை ஓரம் வியர்த்தது.

"இது என்னோடதுன்னேன்!"

இந்த முறை வரிசையின் கடைசிவரை கேட்டிருக்கும். மச்சான் மின்கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"எந்த டிபார்ட்மென்ட்?" என்று மேடமும் கத்தினாள்.

"புள்ளைங்களுக்கு ஷூ செய்றது!"

"அது மூடியாச்சே!"

"மூடல! தரைத்தளம், பின்கட்டு! பதினாலாம் நம்பர் ரூம்!"

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், இங்கே பேச முடியாதென்று கையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவது தெரிந்தது. நடந்துகொண்டே பேசினாள், நின்றாள், தலையாட்டினாள், மறுபடி நடந்தாள். யாரிடம் பேசுகிறாள், ரூமைப் பற்றியா சர்வரைப் பற்றியா என்று நட்டக்கா உதட்டைப் படித்துக் கண்டுபிடிப்பதற்குள் மேடம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, தூசி!" என்று மச்சான் நட்டக்காவின் காதில் வந்து சொன்னான். இந்த அறைக்குள் பென்சில்கூடக் கொண்டுவரக் கூடாது, தூசி விசிறிக்குள் போனால் வம்பு. அவன் கை ஷூ மாமாவின் பக்கம் நீண்டிருந்தது. நட்டக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

ஷூ மாமா இதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை சர்வர்களும் விட்ட வெப்ப மூச்சு இரண்டு பக்கத்திலிருந்தும் அவர்மேல் அடித்தது. அவருடைய சட்டைக் கையிலும் மேலங்கியின் மடிப்பிலும் படிந்திருந்த மாவுக்கட்டுப் பொடி மெல்லக் கிளம்பியது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகச் சுழன்று, அவர் தலைக்கு மேலே ஏறி, கூரையில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த சல்லடையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.